எட்டிய தொலைவே காவல் ஆகுமா?

வான்காப்பு ரேடாரின் வரலாற்றை எழுதுவோர் பலரிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. கருவி எத்தனை மைல் எட்டியது என்று சொல்லிவிட்டால் வரலாறு முடிந்தது என்று அவர்கள் கருதுகின்றனர். 1935 பிப்ரவரி 26 அன்று டேவென்ட்ரியில் நடந்த வாட்சன்-வாட்டின் சோதனை, பின்னர் எழுந்த ‘செயின் ஹோம்’ கோபுரங்கள், 1940இல் பிரிட்டனின் வெற்றி: இந்த வரிசையே பாடமாகிவிட்டது.

இதைத் திருவனந்தபுரத்து மாணவரும் மனனம் செய்வது வருந்தத்தக்கது. 1984 முதல் விமானப்படையின் தென்பிராந்தியத் தலைமையகம் இயங்கும் நகரம் அது. அங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், கடலுக்கு அப்பால், இந்தப் பாடத்தை மறுக்கும் சான்று கிடக்கிறது.

1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கேட்டலினா விமானம் ஒன்று கண்டு செய்தி அனுப்பியது. கொழும்பில் ரேடாரும் இருந்தது. ஆயினும் மறுநாள் காலை, எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்த பின்னரே இரத்மலானையின் போர்விமானங்கள் மேலெழுந்தன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் ரேடார் எதிரியைத் தொலைவிலேயே கண்டது. செய்தி உரிய இடத்தை அடைந்தது. விமானங்கள் முன்கூட்டியே வானேறின. ஆனால் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ கப்பல் காவல் விமானம் ஏதுமின்றி மூழ்கடிக்கப்பட்டது.

கருவி மேம்பட்டால் இக்குறை தீரும் என்பர் சிலர். 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயின் ஓபானா ரேடார் ஏறத்தாழ 210 கிலோமீட்டர் தொலைவிலேயே எதிரியைக் கண்டது. வரவிருந்த தம் நாட்டு விமானங்களே அவை என்று எண்ணிய அதிகாரி பொருட்படுத்தவில்லை. அங்கே குறை கருவியிலா இருந்தது?

செயின் ஹோம் நுட்பத்தில் உயர்ந்ததன்று. தாழப் பறப்பவை அதற்குப் புலப்படுவது அரிது. கரை கடந்து உள்நாட்டுக்குள் வந்தவற்றைத் தரைக் காவலரின் கண்களே பின்தொடர்ந்தன. அதன் வலிமை தொலைபேசிக் கம்பிகளிலும், பென்ட்லி பிரையரியில் அறிக்கைகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த அறையிலும், இரவு பகலாகத் திரையை நோக்கிய பெண்களின் பயிற்சியிலும் இருந்தது. டவுடிங் அமைத்தது கருவியை அன்று, ஓர் ஒழுங்கை.

ஆகவே, ரேடார் பற்றிய எந்த ஆய்வேடும் மூன்று கேள்விகளுக்கு விடை தரவேண்டும். திரையை நோக்கியவர் யார்? அவர் யாரிடம் சொன்னார்? கேட்டவர் ஆணையிட எவ்வளவு நேரமாயிற்று? இவற்றைக் கேளாமல் மைல்களை மட்டும் அடுக்குவது கருவியின் விலைப்பட்டியலாகுமே அன்றி, காவலின் வரலாறு ஆகாது.