ஐம்பது வயதுக் கார்

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலைக்கு வாங்கலாமா என்று நம் மாணவர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் வினவினார். இலக்கணத்திலோ வரலாற்றிலோ ஐயமுடையவரே நம்மைத் தேடி வருவது வழக்கமாதலால் இவ்வினா சற்று வியப்பைத் தந்தது. ஆயினும், விற்க விரும்பியவர் கொட்டாஞ்சேனையில் நமக்கு அடுத்த ஒழுங்கையில் வாழும் அன்பர் என்பதும், வாங்குவதற்கான பணம் மாணவரின் தந்தையார் முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த சேமலாப நிதியிலிருந்து வரவிருந்தது என்பதும் தெரிந்தபின், நமக்கேன் இது என்று ஒதுங்க மனம் இடங்கொடுக்கவில்லை. விசாரித்தோம், படித்தோம், அன்பரின் காரின் கீழே படுத்தும் பார்த்தோம். அறிந்தவற்றை வாசகர்க்கும் சொல்லிவைப்பதில் தவறில்லை.

'ஸ்போர்ட்ஸ் கார்' என்னும் பெயரை அப்படியே வைத்துக்கொள்கின்றோம். 'விளையாட்டுக் கார்' என்று மொழிபெயர்த்தால் குழந்தைகள் கயிறு கட்டி இழுக்கும் பொம்மையே நினைவுக்கு வரும்.

வேகமே இவ்வகைக் காரின் இலக்கணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது அரை உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பான் விமானம் செய்வது தடுக்கப்பட்டது. அத்தடை 1952 வரை நீடித்தது. விமானத் தொழிலில் இருந்த பொறியியலாளர் பலர் மோட்டார்த் தொழிலுக்குள் புகுந்தனர். அவர்களுள் ஒருவர் தட்சுவோ ஹசெகாவா. டொயோட்டா நிறுவனத்தில் அவர் முன்னின்று உருவாக்கிய 'ஸ்போர்ட்ஸ் 800' என்னும் சிறு கார் 1965 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் எஞ்சினுக்கு இரண்டே சிலிண்டர்கள். கொள்ளளவு 790 கன சென்ரிமீற்றர். ஆற்றல் வெறும் 45 குதிரைவலு. இக்காலத்து ஓட்டோ ஓட்டுநர்கூட அதனைக் கேட்டுச் சிரிப்பார். ஆனால் காரின் எடை 580 கிலோகிராம் மாத்திரமே. காற்றைக் கிழித்துச் செல்லும் உடலமைப்பும் எடைக் குறைவும் சேர்ந்து சிற்றெஞ்சினைப் பேரெஞ்சினாக்கின. விமானங் கட்டிய கைக்கு ஒரு கிலோ எடையின் அருமை தெரியுமன்றோ? அதே ஹசெகாவாதான் 1966 இல் முதற் கொரோலாவையும் ஆக்கினார் என்றால், நம் தெருக்களில் ஓடுவனவற்றுக்கும் அச்சிறு காருக்கும் உள்ள உறவு விளங்கும்.

எடையைக் குறைக்க மெல்லிய தகடு வேண்டும். மெல்லிய தகட்டைத் துரு விரைவில் தின்னும். இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் பயன்படும்.

அன்பரிடம் இருப்பது டொயோட்டா செலிக்கா, 1974 இல் செய்யப்பட்டது. செலிக்கா 1970 இன் இறுதியில் ஜப்பானிற் பிறந்தது. இந்நாட்டில் அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே ஜப்பானில் ஓடிய கார்கள் 'ரீகண்டிஷன்' என்ற பெயரோடு கப்பல் கப்பலாக வந்திறங்கின. நல்ல நிலையிலுள்ள காரை ஜப்பானியர் ஏன் விற்றார்கள்? அங்கே தனியார் காரைக் குறித்த காலத்துக்கொருமுறை அரசாங்கச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இன்று புதிய காருக்கு மூன்றாண்டிலும், அதன்பின் ஈராண்டுக்கொருமுறையும் அச்சோதனை நடக்கின்றது. கார் முதிர முதிரச் செலவு ஏறும். விற்றுவிடுவதே இலாபம். அவர்களும் நம்மைப் போல வீதியின் இடப்புறம் செல்பவராதலால், ஓட்டுவளையம் நமக்கு வேண்டிய வலப்பக்கத்திலேயே இருந்தது. அங்கே சுமையாய்ப் போனது இங்கே அந்தஸ்தாயிற்று.

அன்பர் நமக்கு முதலிற் காட்டியது காரையன்று, அதன் பதிவுப் புத்தகத்தை. 1979 இல் முதற்பதிவு. வெள்ளவத்தையில் வாழ்ந்த தமிழ் மருத்துவர் ஒருவரின் பெயர். 1983 ஒக்டோபரில் பெயர் மாறுகின்றது. நுகேகொடைக்காரர் ஒருவர் வாங்கியிருக்கின்றார். அவ்வாண்டு ஜூலையிற் கொழும்பிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரிக்கப்பட்டதை மூத்த வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மாணவர்க்குச் சொல்லத்தான் வேண்டும். நாட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் வீட்டையும் காரையும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுச் சென்ற காலம் அது. இந்தக் கார் எரியாமல் தப்பியது எவ்வாறு, மருத்துவர்க்குக் கிடைத்தது எவ்வளவு என்பவற்றைப் புத்தகம் கூறாது. 1991 இல் நம் அன்பர் பெயர். அவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்து ஓய்வு பெற்றவர். மக்கள் இருவரும் கனடாவில். காரைக் கொடுத்துவிட்டு அவரும் அங்கே செல்லவிருக்கின்றார்.

இலக்கத் தகட்டின் நடுவே சிங்கள 'ஸ்ரீ' இருக்கின்றது. வாகனத் தகடுகளில் அவ்வெழுத்து 1957 இல் வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்பு எழுந்தது. 1958 இன் தொடக்கத்தில் தமிழரசுக் கட்சியினர் அதனை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. பின்னர் அரசாங்கமே புதிய பதிவுகளில் அவ்வெழுத்தைக் கைவிட்டுவிட்டது. இன்று அவ்வெழுத்துள்ள தகடு பழமைக்குச் சான்றென்று கருதப்பட்டு, பழங்கார் விரும்புவோரால் மெருகிட்டுப் பேணப்படுகின்றது. நம் அன்பரும் ஞாயிறுதோறும் அதனைத் துடைக்கின்றார். வரலாறு இப்படியும் விளையாடும்.

இனி, பராமரிப்புக்கு வருவோம். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஆயுளை நிருணயிப்பது, அதன் பாகங்களுள் எத்தனை சாதாரணக் கார்களோடு பொதுவானவை என்பதே. செலிக்காவின் அடித்தளம் கரீனா என்னும் குடும்பக் காரினுடையது. அன்பரின் காரிலுள்ள 1,588 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கரீனாவிலும் கொரோலாவின் சில வகைகளிலும் இருந்தது. ஆகவே பிஸ்டன் வளையம், நீர்ப் பம்பு, கிளச்சுத் தட்டு முதலியன வேண்டுமாயின் பஞ்சிகாவத்தைக்கு நடந்தே போய்வரலாம். மருதானையை அடுத்த அப்பகுதியின் கடைகளை அறியாத கார்க்காரர் இந்நாட்டில் இல்லை. ஜப்பானில் பாதியாய் அறுத்து அனுப்பப்பட்ட கார் உடல்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆணி முதல் எஞ்சின் வரை பேரம் பேசலாம். ஆனால் முன் கண்ணாடி, அதனைச் சுற்றிய றப்பர், குரோமியப் பம்பர், விளக்கு வளையம் ஆகியன செலிக்காவுக்கே உரியவை. அவை உடைந்தால் பஞ்சிகாவத்தையும் கைவிரிக்கும். எஞ்சின் கெட்டால் பணம் போகும். முன் கண்ணாடி வெடித்தால் கார் ஓராண்டு வீட்டிலே கிடக்கும்.

மாணவர் உண்மையில் விரும்பியது செலிக்காவையன்று. 1983 முதல் 1987 வரை செய்யப்பட்ட கொரோலாவின் ஏஈ86 என்னும் வகையை. ஷூஇச்சி ஷிகெனோ வரைந்து 1995 இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்னும் படக்கதையில், சோயாக்கட்டி விற்கும் கடைக்காரரின் மகன் அக்காரை மலைப்பாதையில் ஓட்டுவான். அக்கதை உலகெங்கும் பரவ, ஒரு காலத்தில் மலிவாய்க் கிடைத்த காரின் விலை விண்ணை எட்டிவிட்டது. அக்கதையை நாமும் மறைவாக ஒரு பாகம் படித்துப் பார்த்தோம், குறை சொல்வதற்கில்லை. உற்பத்தியாளர்களும் விழித்துக்கொண்டனர். முதற் தலைமுறை ரோட்ஸ்ரர் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மாஸ்டா நிறுவனம் 2017 இல் அறிவித்தது; டொயோட்டாவும் நிசானும் நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மீண்டும் வார்க்கின்றன. இவை நற்செய்திகளே. எனினும் யோக்கோஹாமாவிலிருந்து கொழும்புத் துறைமுகம் வந்து சுங்கத்தைக் கடந்து கைக்கு வரும்போது, பாகத்தின் விலை எழுதுவினைஞர் ஒருவரின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

பாகத்தை விட அருமையானவர் பாஸ். ('பாஸ்' என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல், ஆங்கிலத்தில் முதலாளியைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. இங்கே அது கையிற் கறை படிந்தவருக்கு உரியதாயிற்று. நமக்கு அதுவே பொருத்தமெனப் படுகின்றது.) அன்பரின் காரைப் பார்க்கும் பாஸுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எஞ்சினின் ஒலியைக் கேட்டே எந்த வால்வின் இடைவெளி கூடியது என்பார். பொயின்ற் இடைவெளியைச் சிகரெட் பெட்டியின் அட்டையால் அளந்துவிட்டு, பின்னர் அளவுத் தகட்டால் சரிபார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அவரிடம் வேலை பழகும் பையன்களோ கணினியைப் பொருத்தும் துளை எங்கே என்று தேடுகின்றார்கள். இக்காரில் அத்துளை கிடையாது. காபரேற்றரைத் திறந்து சுத்தஞ் செய்து மீளப் பூட்டக்கூடிய கைகள் கொழும்பில் ஆண்டுக்காண்டு குறைகின்றன. வாகனப் புகைச் சோதனை 2008 இல் நடைமுறைக்கு வந்தபின் அக்கைகளுக்கு மதிப்புக் கூடியது. காபரேற்றர் சீராயில்லாத கார் சோதனையில் தேறாது, தேறாவிடில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை.

பழைய பாஸ்மார் கூறும் யாவும் வேதமன்று என்பதையும் சொல்லவேண்டும். வெப்ப நாட்டுக்கு வேண்டியதில்லை என்று தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவது நம்மவரின் நெடுநாள் வழக்கம். அது தவறு. எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை அடையாமல் ஓடினால் பெற்றோலும் வீணாகும், சிலிண்டரும் தேயும். றேடியேற்றருக்குக் குழாய்த் தண்ணீரை வார்ப்பதும் அத்தகையதே. உட்புறம் துருவேறிச் சேறாகிவிடும்.

கொட்டாஞ்சேனையிற் காருக்குப் பெரும் பகை உப்புக் காற்று. துறைமுகமும் கடலும் கூப்பிடு தூரம். வெள்ளவத்தையிலும் இதே கதைதான். சக்கரங்களின் மேல் வளைவு, கதவின் அடி, கால்மிதி விரிப்பின் கீழ், பற்றரித் தட்டு ஆகிய இடங்களிலே துரு தொடங்கும். வெளியே பெயின்டிற் சிறு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கையளவு தகடு போய்விட்டதென்று கொள்க. அன்பர் மாதமொருமுறை அடிப்பகுதியை நன்னீரால் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் பூசுகின்றார். முப்பது ஆண்டாக இக்கார் நிற்பதற்கு வேறு மந்திரம் இல்லை.

அடுத்தது றப்பர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் றப்பருக்கு வயதாகும். ரயரின் பள்ளம் புதிதாய்த் தெரியும், பக்கச் சுவரிலோ வெடிப்பு இருக்கும். பிரேக் குழாயும் அவ்வாறே. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் சூட்டிலே கொதித்தால் பிரேக் மிதி தரையோடு போய்விடும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது இது நிகழ்ந்தால் என்னாகும் என்று எழுதத் தேவையில்லை. ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பம் ஒருநாள் ஹோட்டலில் உண்பதற்கும் குறைவு.

பெற்றோலைப் பற்றிச் சொல்லும்போது 2022 ஆம் ஆண்டை மறக்கவியலாது. ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. பின்னர் கியூஆர் முறை வந்து, தொடக்கத்திற் காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. அன்பரின் செலிக்கா லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் அது நல்ல நாள். அந்த ஆண்டு பலர் பழைய கார்களைத் தகரமாக விற்றனர். யாழ்ப்பாணத்தார் இதனைக் கண்டு உள்ளூர நகைத்திருக்கக் கூடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நிலவியபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோலைத் தெளித்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் அவர்கள். ஓஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களின் எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. ஆதலால் அவை மண்ணெண்ணெயையும் செரித்தன. அமுக்கம் கூடிய எஞ்சின்களுக்கு அது நஞ்சு. வேகத்துக்கென்று செய்யப்பட்ட கார் பஞ்ச காலத்துக்கு உதவாது.

மாணவருக்கு நாம் கூறிய தீர்ப்பு இதுதான்: கார் நல்லது, பணம் நல்லதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கும்வரை, இங்குள்ள பழங்கார்களின் விலை இயற்கைக்கு மாறாக ஏறியிருந்தது. ஏறிய விலையை நம்பித் தந்தையாரின் முதுமைப் பணத்தை இரும்பில் போடலாகாது. சொந்தமாய் உழைக்கத் தொடங்கி, வாங்கும் விலையின் மூன்றிலொரு பங்கை முதலாண்டுத் திருத்தச் செலவுக்கென்று தனியே வைக்க முடிகிறபோது வாங்கட்டும். "அதற்குள் இது வேறொருவர் கைக்குப் போய்விடுமே, சேர்" என்றார் மாணவர். போகலாம், மறுப்பதற்கில்லை.

எந்தக் காரை எப்போது வாங்கினாலும், காசு செலவின்றிச் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. சிறு காந்தமொன்றை மெல்லிய துணியிற் சுற்றிக் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்க்கவேண்டும். ஒட்டாத இடத்தில் தகடில்லை, பட்டியே இருக்கின்றது. செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும். மாற்றிய எஞ்சினைப் பதியாதிருந்தால் நாரஹேன்பிட்டித் திணைக்களத்துக்கு நடந்தே செருப்புத் தேயும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து நீரின் நிறத்தைப் பார்க்கவேண்டும். காலையில், எவரும் கிளப்புமுன் செல்லவேண்டும். விற்பவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பாராயின், இன்னொரு நாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடுக.