பீடத்தின் அடியில் ஒரு பெயர்

2019ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி 48 நாட்கள், வெயிலையும் மழையையும் பொருட்படுத்தாமல் காஞ்சிபுரத்தில் மக்கள் வரிசையில் நின்றார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்தினுள்ளிருந்து எழுந்தருளும் அத்தி வரதரைக் காணவே அத்தனை கூட்டம். அந்த நாட்களில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இத்தனை பேர் கும்பிடுகிறார்களே, இந்த மரத்தில் உளி வைத்தவன் யார்?" பதில் தெரியவில்லை. "நம் மரபில் சிற்பி பெயர் போட்டுக்கொள்வதில்லை" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்தேன். அந்தப் பதில் எவ்வளவு அரைகுறையானது என்பது பின்னர் கள்ளக்குறிச்சிக்குப் போனபோதுதான் உறைத்தது.

அதே 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. 2021இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் அந்தத் தகுதியைப் பெற்றிருந்தன. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் இத்தொழில் நடக்கிறது. மன்னராட்சிக் காலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்தவர்களால் இங்கே வேர்கொண்ட கலை இது என்று நம்பப்படுகிறது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் தெய்வ உருவங்களும் அலங்காரப் பொருட்களும் செய்கிறார்கள்.

செய்தியைப் படித்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஊருக்குப் பெயர் கிடைத்த பிறகும், உளி பிடித்தவருக்கு அது கிடைக்கவில்லை என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

சின்னசேலம் சாலையில் ஒரு கொட்டகையில் நின்றேன். மேற்கே கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரிந்தது. உள்ளே அறுபதை எட்டும் வயதில் ஒருவர் தரையில் அமர்ந்து, கால்களுக்கிடையே மரக்கட்டையை அணைத்துக்கொண்டு, கொட்டாப்புளியால் உளியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையார் சிலை என்ன விலையாகும் என்று கேட்டேன். "எத்தனை அடி சார்?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் இத்தொழிலின் துயரம் முழுவதும் இருக்கிறது. துணியை மீட்டரில் வாங்குவதுபோல, சிலை அடிக்கணக்கில் வாங்கப்படுகிறது. சிற்ப நூல்களின் அளவுமுறையோ வேறு. அங்கே அளவுகோல் தாலம். பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம். திருமாலுக்கும் சிவனுக்கும் உத்தம தசதாலம், அதாவது உருவத்தின் உயரம் 124 பங்குகளாகப் பகுக்கப்படும். அப்படியிருக்க, ஓரடிப் பிள்ளையாரும் ஓரடி நடராசரும் எப்படி ஒரே வேலையாகும்? நடராசரின் தூக்கிய திருவடியும் விரிந்த சடையும் மர ரேகைக்குக் குறுக்கே போகிற இடங்களில், கை சற்றுத் தடுமாறினாலும் சில்லு பெயர்ந்துவிடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகும். அடிக்கணக்கு விலையில் இந்த நடுக்கத்துக்கு மதிப்பில்லை.

பெரியவர் வேலை முறையை விளக்கினார். பச்சை மரம் ஆகாது. காய்ந்த பிறகு வெடித்துவிடும். ஆகவே நிழலில் காயவைக்க வேண்டும். பிறகு கட்டையின்மேல் உருவத்தை வரைந்துகொண்டு, வாய்ச்சியால் வேண்டாத பகுதியைச் சீவி எடுப்பார்கள். அடுத்துப் பெரிய உளிகள், அதன்பின் நுண்ணுளிகள். முகம் கடைசியில். இறுதியாக உப்புத்தாள் தேய்ப்பு, மெருகு. "மலை கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா காட்டு மரத்தைத் தொட முடியாது சார். எல்லாம் பட்டா நிலத்து மரம்தான், காசு கொடுத்து வாங்குறது" என்றார். மரத்துக்கு முன்பணம் அவருடையது. காயும்வரை காத்திருப்பும் அவருடையது. விற்பனையோ பெரும்பாலும் நகரத்துக் கடைக்காரர் கையில்.

சிறிய சிலையொன்றை விலைபேசி முடித்தபின் (பேரம் பேசினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்), "ஐயா, பீடத்துக்கு அடியில் உங்கள் பெயரைச் செதுக்கித் தாருங்கள்" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பெயர் போட்ட சிலையைக் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள் என்றார். வாங்கியவர் அடுத்த முறை நேரே தேடி வந்துவிடுவாராம். ஒரு முறை அப்படி எழுதி அனுப்பி, அத்தனையும் திரும்பி வந்ததாம். அவருடைய பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அவர் வேண்டாமென்றார்.

"சிற்பி பெயர் போடுவதில்லை" என்று நான் பெருமையோடு சொன்ன மரபு, இன்று யாருக்குப் பயன்படுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்த மரபுதான் உண்மையா? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் இடம்பெற்றிருக்கிறான். நாவிதருக்கும் இராசராசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் தனித்தனியே பெயரும் குடியிருந்த வீட்டின் குறிப்புமாகப் பதிவாகியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசன் கல்லில் வெட்டத் தகுந்ததென்று கருதியதை, நாம் ஒரு பீடத்தின் அடியில் எழுத மறுக்கிறோம். பெயரில்லாத சிற்பிகளும் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கோயிலை அண்டி வாழ்ந்தவனுக்கு நிலமும் நெல்லும் இருந்தன. இன்றைய சிற்பிக்கு எஞ்சியிருப்பது அவனுடைய பெயர் ஒன்றுதான். அதுவே அவனை அடுத்த வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்க்கும் முகவரியும் ஆகும்.

புவிசார் குறியீடு இதைச் செய்யாதா என்று கேட்கலாம். 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் காப்பது ஊரின் பெயரை. அதன் உரிமை கூட்டு உரிமை. ஒரு தனிக் கைவினைஞர் அதைச் சட்டப்படி தம் பொருளில் பயன்படுத்த வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பம், சான்று, அலைச்சல் என்று இந்தப் படியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். வேறு ஊரில் செய்த சிலையைக் கள்ளக்குறிச்சிச் சிலை என்று விற்பதை இச்சட்டத்தால் தடுக்க முடியும். கள்ளக்குறிச்சிச் சிற்பியின் சிலையை அவருடைய பெயரை மறைத்து விற்பதை அது தடுப்பதில்லை.

ஜப்பானில் 1950ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, அருங்கலையில் தேர்ந்தவர்களை 'வாழும் தேசியச் செல்வங்கள்' என்று ஏற்று, ஆண்டுதோறும் 20 லட்சம் யென் உதவித்தொகை தருகிறார்கள். தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அங்கே போற்றப்படுவது ஊரோ பொருளோ அன்று, ஆள். நம்மிடமும் வயது முதிர்ந்த கலைஞர்களுக்கான விருதுகள் உண்டு. ஆனால் விருது பெறுபவர் சிலர். நாள்தோறும் விற்கப்படும் சிலைகள் ஆயிரக்கணக்கானவை.

பெயர் ஏன் இவ்வளவு அவசரமாகிறது? கணினிவழி இயங்கும் செதுக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஓர் உருவத்தை ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால், அதே அளவில் எத்தனை வேண்டுமானாலும் வெட்டித் தள்ளும். நான் இயந்திர எதிரியல்லன். முதல்கட்டச் சீவலுக்கு அதைப் பயன்படுத்தி முதுகெலும்பைக் காத்துக்கொள்ளும் சிற்பியைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அடிக்கணக்கில் விலை பேசும்வரை இயந்திரமே வெல்லும். அது அடிக்கணக்கில் மலிவானது. "இது இன்னாருடைய கை" என்று கேட்டு வாங்குகிறவர் முன்னால் மட்டுமே அது தோற்கும்.

இன்னொரு குரலும் எழும்: இதெல்லாம் குலத்தொழிலைப் போற்றுவதில் போய் முடியாதா? நியாயமான அச்சம். தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்குக் கடனுதவி தருகிறது. வயது வரம்பை 35க்கு மேல் வைத்திருப்பதும், இளைஞரைப் படிப்பிலிருந்து தந்தை தொழிலுக்குத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான். சரியான முடிவு என்பேன். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசுச் சிற்பப் பள்ளி, பின்னாளில் கல்லூரியாகி, இக்கலைகளைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. எந்தச் சாதியில் பிறந்தவரும் சேரலாம். ஆகவே கலை பிறப்பால்தான் தொடர வேண்டும் என்பதில்லை. விரும்பி வருகிற ஒருவர் அதில் தலைநிமிர்ந்து வாழ முடியுமா என்பதே கேள்வி. பெயரற்ற கூலிக்கு யார் விரும்பி வருவார்? அந்தப் பெரியவரின் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. அந்த நிம்மதியே என்னை அதிகம் வருத்தியது.

நாம் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்கோ பரிசளிக்கவோ சிலை வாங்கும்போது, யார் செய்தது என்று கடைக்காரரிடம் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் எரிச்சலடைவார். நூறு பேர் கேட்டால் பெயரை எழுதி வைப்பார். முடிந்தால் ஊருக்கே போய், முன்பணம் கொடுத்து, மரம் காயும்வரை காத்திருந்து வாங்கலாம். அரசு விற்பனை நிலையங்கள் ஒவ்வொரு பொருளின் விலைச்சீட்டிலும் செய்தவர் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

என் வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன் சென்னைக் கடையொன்றில் வாங்கிய மரக் கண்ணன் இருக்கிறான். திரும்பி வந்ததும் அவனைக் கவிழ்த்துப் பார்த்தேன். விலைச்சீட்டின் பசைத் தடம் மட்டும் இருந்தது. பக்கத்தில் இப்போது கள்ளக்குறிச்சிப் பிள்ளையார் அமர்ந்திருக்கிறார். கிளம்பும் நேரத்தில் பெரியவர் என்ன நினைத்தாரோ, சிலையைத் திரும்ப வாங்கி, சிறிய உளியை எடுத்து, பீடத்தின் அடியில் ஐந்து எழுத்துகளை வெட்டித் தந்தார். "இது கடைக்குப் போகலியே சார்" என்றார்.