படம் முதலில், நாவல் பிறகு

வாசகர் வட்டத்தில் சினிமாவை ஒட்டி எழுதிய நாவலைச் சிபாரிசு செய்தால் போதும், முகங்கள் சுருங்கிவிடும். படத்தை விற்க எழுதிய சரக்குதானே என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் ஐசக் அசிமோவின் ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ அந்தக் கணக்கில் சேராது. 1966இல் வந்த ஹாலிவுட் படத்தின் திரைக்கதையை வைத்து எழுதியது. படத்துக்குச் சில மாதம் முன்பே புத்தகம் வந்துவிட்டதால், நாவலைத்தான் படமாக்கினார்கள் என்று நம்புகிறவர்கள் உண்டு.

நீர்மூழ்கிக் கப்பலையும் ஆட்களையும் நுண்ணுயிர் அளவுக்குச் சுருக்கி, ஒரு விஞ்ஞானியின் ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். மூளையில் உறைந்த ரத்தக்கட்டியை அகற்ற வேண்டும். கெடு 60 நிமிடம். படத்தின் முடிவில் வெள்ளையணு கப்பலை விழுங்கிவிடும். ஆட்கள் கண்ணீர்த் துளியில் மிதந்து வெளியே வந்துவிடுவார்கள். சரி, கப்பல்? கெடு முடிந்ததும் அது உள்ளேயே பழைய அளவுக்குப் பெருத்தால் அந்த மனிதர் என்ன ஆவார்? விழுங்கினால் மட்டும் இரும்பு மாயமாகிவிடுமா? அசிமோவுக்கு இது பொறுக்கவில்லை. நாவலில் அந்த வெள்ளையணுவையே பின்னால் துரத்தி வரவைத்து, கப்பலின் மிச்சத்தோடு கண் வழியாக வெளியே இழுத்துவந்துவிடுகிறார்கள். சினிமாக்காரர்கள் விட்ட ஓட்டையை எழுத்தாளர் அடைக்கும் அழகுக்காகவே படிக்கலாம்.

உரையாடல் கொஞ்சம் தட்டைதான். குழுவில் இருக்கும் ஒரே பெண்ணை நடத்தும் விதம் இன்று நெருடும். அதையும் வட்டத்தில் பேசுங்கள். ஒன்று மட்டும்: முதலில் படத்தைப் பார்த்துவிட்டு நாவலை எடுங்கள்.