படத்தின் அடியில் ஒரு பெயர்

காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் நமது கண் முதலில் படத்தின் மீதுதான் விழுகிறது. அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயரை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

கைபேசி வைத்திருப்பவர் எல்லோருமே படம் பிடிக்கும் காலத்தில், அதற்கென்று தனியாகச் சம்பளக்காரர் எதற்கு என்று சில பத்திரிகை முதலாளிகள் கருதுகிறார்கள். 2013-ம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்காவின் 'சிகாகோ ஸன்-டைம்ஸ்' பத்திரிகை தன் புகைப்பட இலாகாவை அடியோடு கலைத்துவிட்டது. 28 பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. 1982-ல் புலிட்ஸர் பரிசு பெற்ற ஜான் ஒயிட்டும் அவர்களில் ஒருவர். நிருபர்களே கைபேசியால் படம் பிடிக்கப் பழக்கப்பட்டார்கள்.

நிருபர் தூரத்திலிருந்தும் விசாரித்து எழுதலாம். புகைப்படக்காரருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. சம்பவம் நடக்கும் இடத்தில் அவர் நின்றே தீரவேண்டும். நம் தேசத்து டானிஷ் ஸித்திக்கி அப்படி நின்றவர். ரோஹிங்கியா அகதிகளின் துயரத்தைப் படம் பிடித்த 'ராய்ட்டர்' குழுவில் ஒருவராக 2018-ல் புலிட்ஸர் பரிசு பெற்றார். 2021 ஜூலை 16-ந் தேதி, ஆப்கானிஸ்தானத்தில் ஸ்பின் போல்டக் யுத்தகளத்தில் பிராணனை இழந்தார். கொரோனா நோயினால் இந்தியா பட்ட துன்பத்தைக் காட்டிய படங்களுக்காக, மறு வருஷம் அவருக்கும் சகாக்களுக்கும் மீண்டும் அதே பரிசு அளிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

கைபேசியை யாரும் வாங்கிவிடலாம். அங்கே போய் நிற்கும் நெஞ்சுரம் கடையில் கிடைப்பதன்று. நாளைக் காலையில் படத்தைப் பார்த்த பிறகு, அடியிலுள்ள பெயரையும் ஒரு முறை வாசியுங்கள்.