கேட்காமல் எடுத்ததைக் கேட்காமலே திருப்பித் தரட்டும்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குகளுக்கு 1,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த வேகத்திலேயே சில வங்கிகள் அந்தப் பணத்தை மினிமம் பேலன்ஸ் அபராதம், சேவைக் கட்டணம் என்ற பெயர்களில் பிடித்துக்கொண்டன என்ற புகார் பல ஊர்களிலிருந்து எழுந்தது. உரிமைத் தொகையை எந்தக் கட்டணத்துக்கும் நேர்செய்யக் கூடாது என்று வங்கிகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தும் இது நடந்தது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். பிடித்தம் செய்யப்பட்டவர்கள் 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அறிவித்தார். அந்த ஆயிரத்துக்காகக் கேள்வி கேட்க ஓர் அமைச்சர் இருந்தார். மற்ற மாதங்களில், மற்ற வரவுகளிலிருந்து பிடிக்கப்படும் நூறுகளுக்கும் இருநூறுகளுக்கும் அப்படிக் கேட்க யாரும் இல்லை. ஏழையின் கணக்கிலிருந்து விதிக்குப் புறம்பாக எடுத்த கட்டணத்தை, அவர் மனு எழுதிக் கேட்கும்வரை காத்திராமல், வங்கியே தேடித் திருப்பித் தர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பிடித்தம் யார் மீது விழுகிறது என்பதைக் கடலூர் மாவட்டக் கம்மாபுரம் ஒன்றியத்துக் கிராமங்களிலும் அருகில் உள்ள விருத்தாசலத்திலும் மக்கள் சம்பாதிக்கும் விதத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலில் வேலை சீசனை ஒட்டி ஏறி இறங்குகிறது. கொலு பொம்மைக்கு ஒரு காலம், கார்த்திகை அகலுக்கு ஒரு காலம், மழையில் களிமண் காயாமல் வேலை சுணங்க ஒரு காலம். விவசாயக் கூலியும் அப்படித்தான். நடவுக்கும் அறுப்புக்கும் கை நிறைய வேலை, இடையில் வெறுங்கை. ஆனால் வங்கி பார்ப்பதோ மாதச் சராசரி இருப்பு. மாதம் முழுவதும் ஒரே அளவில் பணம் கிடந்தால்தான் அந்தக் கணக்கு ஒழுங்கானது. கூலி வந்த அன்றே மளிகைக் கடை பாக்கியையும் குழுக் கடன் தவணையையும் கட்டிவிட்டால், கடனை நேரத்துக்கு அடைத்ததற்காகவே அந்த மாதச் சராசரி விழும், அபராதமும் வரும். 100 ரூபாய் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 118 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். அதாவது ஒரு பகல் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பணம் இல்லாமல் இருந்ததற்கான தண்டனையாகப் போகிறது. பெரிய சம்பளக்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் கணக்கில் எப்போதும் பணம் கிடப்பதால் அவருக்கு அபராதமும் இல்லை.

ரிசர்வ் வங்கி இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 2014 நவம்பர் 20இல் அது வெளியிட்ட சுற்றறிக்கை 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் என ஏதாவது ஒரு வழியில் தகவல் சொல்ல வேண்டும். இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அபராதம் குறைந்த தொகையின் அளவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டுமே தவிர, எல்லோருக்கும் ஒரே தட்டையான தொகையாக இருக்கக் கூடாது. சேவைக்கு ஆகும் சராசரிச் செலவை விட்டு விலகிய தொகையாகவும் இருக்கக் கூடாது. அபராதம் போட்டதால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. பின்னர், 2024 ஏப்ரல் 1 முதல், இரண்டு ஆண்டுகள் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கிய கணக்குகளில் மினிமம் பேலன்ஸ் அபராதம் அறவே கூடாது என்றும், அவற்றை மீண்டும் இயங்கவைக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. இத்தனையும் இருக்கும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்த அபராதத்துக்கும் இருப்பை மைனஸாக்கிய அபராதத்துக்கும் எந்த அடிப்படையும் இல்லை. அது வங்கியின் வருமானம் அல்ல, வாடிக்கையாளருக்கு வங்கி பட்டிருக்கும் கடன்.

தொகை சிறியது என்று தள்ளிவிட முடியாது. பாரத ஸ்டேட் வங்கி ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2017 ஏப்ரலில் இந்த அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதில் வசூலானது 1,771 கோடி ரூபாய். ஜூலை - செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கி ஈட்டிய நிகர லாபமான 1,581 கோடியைவிட இது அதிகம். கண்டனம் வலுத்ததும் கட்டணம் குறைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் அபராதமே நீக்கப்பட்டது. பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் 2018 முதல் மினிமம் பேலன்ஸ் அபராதமாக மட்டும் 21,000 கோடிக்கு மேல் வசூலித்ததாக 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் ஒன்றிய நிதித் துறை இணையமைச்சர் பகவத் காரத் தெரிவித்தார். கூடுதல் ஏடிஎம் பயன்பாட்டுக்கும் குறுஞ்செய்திக்கும் வாங்கியவற்றையும் சேர்த்தால் அது 35,000 கோடியைத் தாண்டியது. இந்தத் தொகையில் பெரும் பகுதி, இருப்பு வைக்க இயலாதவர்களிடமிருந்து வந்தது என்பதைத் தனியாக ஆராய வேண்டியதில்லை. அந்த அபராதத்தின் வரையறையே அதுதான்.

எடுப்பதில் இருந்த வேகம் திருப்பித் தருவதில் இல்லை என்பதற்குப் பதிவான சான்று உண்டு. ஜன்தன் உள்ளிட்ட அடிப்படை சேமிப்புக் கணக்குகளில் மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தால், யூபிஐ, ரூபே மூலம் செய்த பரிவர்த்தனைக்கும்கூட, பாரத ஸ்டேட் வங்கி ஒவ்வொரு முறையும் 17 ரூபாய் 70 காசு பிடித்தது. 2017 ஏப்ரல் முதல் 2019 டிசம்பர் வரை இப்படிச் சேர்ந்தது 254 கோடி ரூபாய்க்கு மேல் என்று மும்பை ஐஐடியின் அறிக்கை 2021 நவம்பரில் சொன்னது. 2020 ஜனவரி 1 முதல் பிடித்த இத்தகைய கட்டணங்களைத் திருப்பித் தருமாறு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட் 30இல் அறிவுறுத்தியது. அதற்கு முந்தைய காலத்துக்கு உரிய 254 கோடியில் சுமார் 90 கோடி மட்டுமே திரும்பியது, 164 கோடி பாக்கி என்றது அந்த அறிக்கை. 17 ரூபாய் 70 காசுக்காகக் கூலியை விட்டுவிட்டு வங்கிக்கு நடப்பார் எவருமில்லை. ஆனால் 14 கோடி முறை பிடித்தால் அது நூற்றுக்கணக்கான கோடி. தனித்தனியாகக் கேட்டு வாங்க முடியாத அளவு சிறிதாகவும், மொத்தத்தில் மிகப் பெரிதாகவும் இருப்பதுதான் இந்தக் கட்டணத்தின் இயல்பு. ஆகவே கேட்பவருக்கு மட்டும் தருவோம் என்ற ஏற்பாடு, நடைமுறையில் தரமாட்டோம் என்பதாகவே முடிகிறது.

புகார் செய்ய வழி இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது, அதை எல்லோரும் அறிந்திருக்கவும் வேண்டும். பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிவு செய்து, பிடித்தம் விழுந்த தேதிகளைக் குறித்து, கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2021 நவம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் இந்த வழி யாருக்குத் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘சிஎச்ஜி’ என்று மூன்றெழுத்தில் அச்சான வரி எந்தக் கட்டணம் என்று புரிய வேண்டும். எந்த விதி மீறப்பட்டது என்று தெரிய வேண்டும். இரண்டு மூன்று முறை கிளைக்குப் போக, போகும் நாளின் கூலியை இழக்க வேண்டும். நெருக்கடி முற்றிய வீட்டில் இல்லாதவை இவைதான். உரிமை இருந்தும் அதைக் கோரும் வசதி, அது அதிகம் தேவைப்படுபவரிடமே மிகக் குறைவாக இருக்கிறது.

கேட்காமலே தருவது இந்திய வங்கிகளுக்குப் புதிதும் அல்ல. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பர் 20இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அந்த ஈட்டுத் தொகையை வாடிக்கையாளரின் புகாருக்கோ கோரிக்கைக்கோ காத்திராமல் வங்கியே செலுத்த வேண்டும் என்பது அந்த ஆணையில் உள்ளது. இயந்திரம் செய்த பிழைக்கு இந்த நியாயம் பொருந்தும் என்றால், கட்டண அட்டவணை செய்த பிழைக்கு ஏன் பொருந்தாது? அரசு உதவித்தொகையும் முதியோர் ஓய்வூதியமும் நூறு நாள் கூலியும் எந்தக் கணக்குக்கு வருகின்றன என்பது வங்கியின் கணினிக்குத் தெரியும். முன்னறிவிப்பு போனதா, பிடித்த பின் இருப்பு எவ்வளவு என்பதும் அதே கணினியில்தான் இருக்கிறது. அபராதத்தை ஒரே இரவில் கோடிக்கணக்கான கணக்குகளில் கழிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு, அதை வரவு வைக்கவும் தெரியும்.

வங்கி நடத்தச் செலவாகிறது, கிராமக் கிளையும் ஏடிஎம்மும் சும்மா ஓடுவதில்லை என்பது முதல் ஆட்சேபம். செலவு உண்மை. ஆனால் அதை யார் தலையில் ஏற்றுவது என்பதுதான் கேள்வி. இருப்பு குறைவாக உள்ளவர் என்பதற்காக அவருக்குக் கூடுதல் சேவை எதுவும் கிடைப்பதில்லை. கிடைக்காத சேவைக்குக் கட்டணம் வாங்குவது செலவை ஈடுகட்டுவது ஆகாது. செலவுக்கு மிஞ்சிய கட்டணம் கூடாது என்று 2014 சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. மேலும் கனரா வங்கி 2025 ஜூனிலும், பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா, இந்தியன் வங்கி ஆகியவை அதே ஆண்டு ஜூலையிலும் இந்த அபராதத்தைக் கைவிட்டன. அதனால் எந்த வங்கியும் கதவைச் சாத்திவிடவில்லை.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். தீரவில்லை. கைவிட்டது இனி எடுக்க மாட்டோம் என்பதற்கான உறுதி மட்டுமே. முன்பு எடுத்ததைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. தனியார் வங்கிகள் பலவற்றில் அபராதம் தொடர்கிறது. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி நகர்ப்புறப் புதிய கணக்குகளுக்கு மாதச் சராசரி இருப்பை 50,000 ரூபாயாக உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 15,000ஆகக் குறைத்தது. இதை வங்கிகளின் முடிவுக்கே விட்டிருப்பதாக அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா சொன்னார். கட்டணம் வைப்பதை வங்கிக்கு விடலாம். விதிமீறிப் பிடித்ததைத் திருப்புவதையும் வங்கியின் விருப்பத்துக்கு விட முடியாது. தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கித் தவணைப் பிடித்தம் (ஈசிஎஸ்) திரும்பினால் வங்கி ஒருபுறமும் கடன் கொடுத்த நிறுவனம் மறுபுறமும் வாங்கும் கட்டணங்களோ இன்னும் அப்படியே இருக்கின்றன.

கையெழுத்துப் போட்டுத்தானே கணக்குத் தொடங்கினார்கள், வேண்டாமென்றால் மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு இருக்கிறதே என்றும் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இருவர். வாடிக்கையாளரைப் போலவே வங்கியும் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே கையெழுத்திட்டது. ஒரு பக்கத்தின் தவறுக்கு உடனடி அபராதம், மறுபக்கத்தின் தவறுக்கு மனு என்பது ஒப்பந்தம் ஆகாது. அடிப்படைக் கணக்கைப் பொறுத்தவரை, சம்பளக் கணக்காகத் தொடங்கியது வேலை போன சில மாதங்களில் சாதாரணக் கணக்காக மாறிவிடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது மாறியது தெரிவது முதல் பிடித்தம் விழும்போதுதான். வருமானம் நின்ற நேரத்தில் அபராதம் தொடங்கும் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டு, கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்ற வங்கியே முன்வந்து சம்மதம் கேட்டிருக்க வேண்டும்.

இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. அங்கே குறைந்த வருமானம் உள்ளோர், குறிப்பாகப் பூர்வகுடி மக்கள், அதிகக் கட்டணக் கணக்குகளில் சிக்கியிருந்ததை நிதிச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் ஆராய்ந்தது. 2024 ஜூலையில் நான்கு வங்கிகள் 2.8 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரவும், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கட்டணம் குறைந்த கணக்குகளுக்கு மாற்றவும் முன்வந்தன. ஓராண்டில் திருப்பும் தொகை 9.3 கோடி டாலராக உயர்ந்தது. அரசு உதவி வரவானதை வைத்தே வங்கிகள் அவர்களை அடையாளம் காண முடிந்தது. இதற்கு நேர்மாறான பாடம் பிரிட்டனில் இருக்கிறது. இருப்பை மீறிய செலவுக்கான கட்டணங்களைத் திருப்பக் கேட்டு அங்கே வாடிக்கையாளர்கள் பெருந்திரளாகப் புகார் செய்தார்கள். 2009 நவம்பர் 25இல் உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டணங்களின் நியாயத்தை நியாய வணிக அலுவலகம் என்ற அரசு அமைப்பு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் கீழ் கேள்வி கேட்க முடியாது என்று தீர்ப்பளித்ததும் பெரும்பாலோரின் நம்பிக்கை உடைந்தது. ஒழுங்குமுறை அமைப்பு தலையிட்டு அத்தகைய நிலையான கட்டணங்களைத் தடை செய்தது 2020 ஏப்ரலில்தான். தனிமனிதர் கேட்டுப் பெறும் வழியை மட்டும் நம்பினால் பத்தாண்டு போய்விடும் என்பதே அந்தப் பாடம்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. உதவித்தொகை, ஓய்வூதியம், வேலை உறுதித் திட்டக் கூலி வரும் கணக்குகளில் 2015 ஏப்ரலுக்குப் பிறகு பிடித்த அபராதங்களை ஒவ்வொரு வங்கியும் தணிக்கை செய்து, விதிமீறிப் பிடித்ததை வட்டியோடு வரவு வைத்து, அதைத் தமிழில் குறுஞ்செய்தியாகச் சொல்ல ரிசர்வ் வங்கி ஆணையிட வேண்டும். திருப்பிய தொகையை வங்கிவாரியாக வெளியிடவும் வேண்டும். அதுவரை மாநில அளவிலான வங்கியாளர் குழுவும் மாவட்ட முன்னோடி வங்கியும் ஒன்றியந்தோறும் முகாம் நடத்தி, பாஸ்புக்கைப் பார்த்து அங்கேயே மனு எழுதித் தரலாம். கம்மாபுரம் ஒன்றியத்தின் கிராம சபைகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். 2023இல் ஆயிரம் ரூபாய்க்காக ஓர் அரசு வங்கிகளைக் கேள்வி கேட்டது. அதே கேள்வியை ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கேட்கும் பொறுப்பு ரிசர்வ் வங்கிக்கு இருக்கிறது, அதைக் கேட்க வைக்கும் பொறுப்பு நாம் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இருக்கிறது.