புல்லு நடும் நிபந்தனை இல்லாமல் பள்ளிக் காணியை ஏலம் விட வேண்டாம்



பள்ளிக்குச் சொந்தமான மேட்டுக் காணி இந்த வருடமும் ஏலத்துக்கு வருகிறது. போன முறையைவிடக் கூடப் போகும் என்று ஜும்ஆ முடிந்து நின்று பேசிக்கொள்கிறார்கள். கூடட்டும். ஆனால் நாம் காணியைக் குத்தகைக்கு விடுகிறோமா, இல்லை மண்ணையும் சேர்த்து விற்கிறோமா என்று நிர்வாகத்தாரிடமும் ஜமாஅத்தாரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு வருடக் குத்தகை. கூடக் கேட்டவருக்குக் காணி. வேறு நிபந்தனை இல்லை. எடுத்தவர் என்ன செய்வார்? விதைக் கிழங்குக்கும் பசளைக்கும் கடன்பட்டுப் போட்ட காசை ஒரு வருடத்துக்குள் எடுக்க வேண்டும். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும் என்று பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்துவிடுவார். ஒக்டோபர் மழை இறங்கியதும் பாத்திக்கு இடையில் உள்ள ஒவ்வொரு கானும் ஒரு ஓடை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடுத்த வருடம் அந்தக் காணி யாருக்கு என்றே அவருக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீற்றர் மண் கழுவிப் போனால் அது 4 கனமீற்றர். வீடு கட்ட மணல் எடுக்கிற கணக்கில் ஏறக்குறைய 1.4 கியூப். ஒரு மில்லிமீற்றர் கண்ணுக்கே தெரியாது. அது போவதும் மேல்மண், நாம் காசு கொடுத்துப் போட்ட பசளையோடு. 2021 இல் பசளையைத் தடை செய்தபோது எப்படிக் கொதித்தோம்! கொதித்தது நியாயம்தான். இன்று அதே பசளையை மழை அள்ளிக்கொண்டு போகும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. வெலிமடைப் பக்கத்து மேடுகளின் மண் உமா ஓயாவில் இறங்கி, கடைசியில் ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. நம்முடைய மண் அங்கே சேறு.

இதற்கு மருந்து புதிதல்ல. வெட்டிவேர்ப் புல்லு, சிங்களத்தில் சவந்தரா என்பார்கள். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழே இறங்கும், நல்ல மண்ணில் 3 மீற்றர் வரைக்கும். களை மாதிரிப் பாத்திக்குள் பரவாது. சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில், நெருக்கமாக ஒரே வரிசையாக நட்டால் தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது. வேகத்தைக் குறைத்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடும். காலப்போக்கில் வரிசைக்கு மேல்பக்கம் மண் சேர்ந்து தானாகவே படிக்கட்டு மாதிரி வரும்.

"முன்பு ஒரு திட்டத்தில் வந்து நட்டார்களே, என்ன மிஞ்சியது?" என்று கேட்பீர்கள். ஒரு அடிக்கு ஒன்று என்று எட்ட எட்ட நட்டார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். செத்துப்போன இடத்தில் யாரும் திரும்ப நடவில்லை. இடைவெளி விட்ட வரிசை வரிசையே இல்லை. தண்ணீர் அந்த ஓட்டையைத் தேடிப் பாய்ந்து பள்ளம் பறிக்கும். 10 முதல் 15 சென்றிமீற்றருக்கு ஒரு தூர் இருக்க வேண்டும், செத்த இடத்தை அடுத்த மழைக்கு நிரப்ப வேண்டும்.

"எலியும் பாம்பும் சேரும்" என்பது இன்னொன்று. வெட்டாமல் காடாக விட்டால் சேரும்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதைப் பாத்திக்கு மூடாக்குப் போடுங்கள்.

இடம் போகும் என்பது மட்டும் உண்மையான நட்டம். 20 சதவீதச் சரிவுள்ள ஒரு ஏக்கருக்கு ஏழெட்டு வரிசை வரும். வரிசைக்கு அரை மீற்றர் என்றால் காணியில் பதினாறில் ஒரு பங்கு. அதை ஏன் குத்தகைக்காரரின் தலையில் கட்ட வேண்டும்? அவ்வளவைக் குத்தகையில் கழித்துவிடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2014 இல் மீரியபெத்தையில் மலையே இறங்கியது போன்ற மண்சரிவை எந்தப் புல்லும் நிறுத்தாது. அது ஆழத்தில் நடப்பது. நான் பேசுவது ஒவ்வொரு மழைக்கும் சத்தமில்லாமல் போகிற மேல்மண்ணைப் பற்றி.

வகுப்பில் மண்ணரிப்பைத் தடுக்கும் வழிகளை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஐந்தையும் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். பின்னேரம் வாப்பாவோடு போய்ப் பாத்தியைக் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். 1951 ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதுவும் அந்த விடைத்தாள் மாதிரித்தான்.

தனியார் காணிக்காரர்களுக்கும் இது பொருந்தும். பள்ளிக் காணியை முதலில் எடுத்ததற்குக் காரணம், அது வக்ஃபு. உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃபு செய்தபோதே வழி காட்டப்பட்டுவிட்டது: அசல் அப்படியே இருக்க வேண்டும், விளைச்சல்தான் தர்மத்துக்கு. நிர்வாகம் ரூபாய்க்குச் சதம் பிசகாமல் கணக்குக் காட்டுகிறது, அல்ஹம்துலில்லாஹ். அசலான மண்ணுக்குக் கணக்கு எங்கே?

கேட்பது பெரிதில்லை. புல்லு வேலியாகச் சேர இரண்டு மூன்று மழைக்காலம் எடுக்கும். ஆகவே குத்தகையை ஐந்து வருடமாக்குங்கள். முதல் வருடம் தொகையைக் குறையுங்கள். வரிசை நடுவதையும் இடைவெளி நிரப்புவதையும் பத்திரத்தில் எழுதுங்கள், வருடம் ஒருமுறை நிர்வாகத்தில் இருவர் போய்ப் பாருங்கள். செய்யாதவரிடமிருந்து காணியைத் திருப்பி எடுக்கும் உரிமையும் அதிலேயே இருக்கட்டும். பாத்தியும் குறுக்கேதான் போக வேண்டும். ஒரு பற்றையைப் பிரித்தாலே நிறையத் தூர் கிடைக்கும், மத்ரஸா வளவின் பின்பக்கத்தில் நாற்றுமேடை போட இடம் இருக்கிறது. சம உயரக் கோடு பிடிக்க மூன்று தடியும் ஒரு நூலும் ஒரு கல்லும் போதும். அதை தரம் 9 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நானே செய்து தருகிறேன்.

ஏல அறிவித்தல் இன்னும் ஒட்டப்படவில்லை. நிபந்தனைகளை எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எந்த நாளென்றாலும் இஷாவுக்குப் பிறகு வருகிறேன்.