சத்திரக்காரனுக்குக் கொடுத்த பணம்



தாராவியிலுள்ள எங்கள் சபையில் கடந்த மாதம் ஒரு குடும்பத்தார் சாட்சி சொன்னார்கள். அவர்கள் சொல்லி முடித்தபோது அல்லேலூயா எழும்பவில்லை. எப்படி மறுமொழி கொடுப்பதென்று சபையாருக்குத் தெரியவில்லை. போதகனாகிய எனக்கும் தெரியவில்லை. அக்குடும்பத்தாரின் சம்மதத்தோடு அதைக் குறித்து எழுதுகிறேன்.

அந்தச் சகோதரர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்தவர். அதிகாலையில் இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்றுப் பிழைக்கிறவர். கடந்த ஆண்டு அவருடைய மனைவிக்கு 29 வாரத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. ஆண் குழந்தை, எடை 1,100 கிராம். 23 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, பின்பு கர்த்தரிடத்தில் சேர்ந்தான்.

அந்நாட்களில் நான் மூன்று முறை மருத்துவமனைக்குப் போனேன். வராந்தாவில் நின்று சகோதரரின் தலையில் கைவைத்து ஜெபித்தேன். "விசுவாசத்தை விட்டுவிடாதே தம்பி" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன். வெகுநாள் கழித்து அவர் குறையாக அல்ல, சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, நீங்கள் இரண்டாம் முறை வந்தபோது நான் முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. ஜெபம் நீண்டுபோனதால் எனக்குத் தலை சுற்றிற்று." அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அரசாங்க மருத்துவமனையில் எல்லாம் இலவசந்தானே என்று நீங்கள் கேட்கலாம். 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சையும் மருந்தும் பரிசோதனையும் இலவசம். அது பெரிய உபகாரம். அதற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். ஆனால் அதே திட்டத்தில் தாய்க்கு இலவச உணவு, சுகப்பிரசவமானால் 3 நாள், அறுவைச் சிகிச்சையானால் 7 நாள் வரைக்குமே. 29 வாரத்தில் பிறந்த பிள்ளையோ பல வாரங்கள் உள்ளே இருக்க வேண்டியதாகும். எட்டாம் நாள் தாய் எங்கே படுப்பாள்? என்ன சாப்பிடுவாள்? தகப்பன் வேலைக்குப் போகாவிட்டால் மூத்த பிள்ளைகள் என்ன செய்யும்?

தாய் அருகில் இருப்பது வெறும் பாசத்துக்காக என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலே மருந்து. அதை அவள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். பால் சுரவாத தாய்மாரின் பிள்ளைகளுக்காகவே 1989-ல் இதே மும்பையின் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது என்பார்கள். எங்கள் சபையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம்; எனக்கு இத்தனை ஆண்டுகளாய்த் தெரியாமற்போயிற்று! மேலும், பிள்ளையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்திருக்கும் முறை ஒன்று உண்டு. கங்காரு முறை என்பார்கள். 1970-களின் இறுதியில் கொலம்பியா தேசத்தில் தொடங்கியது. குறைமாதப் பிள்ளைகளுக்கு இதை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. பசியோடு நடைபாதையில் படுத்தெழும்புகிற ஸ்திரீ இதை எப்படிச் செய்வாள்? அவளுக்குக் கொடுக்கும் ஒரு தட்டுச் சோறும் ஒரு பாயும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் வைத்தியமே.

நம் சகோதரியைத் தாங்கியது ஒரு சிறிய தொண்டு நிறுவனம். மருத்துவமனைக்கு அருகே ஒரு கூடத்தில் தாய்மாருக்குப் படுக்கை, இருவேளை சாதமும் பருப்பும், பேச்சுத்துணைக்கு ஓர் அம்மாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. நம் சகோதரிக்கு மராத்தி அரைகுறை. பிள்ளை மரித்த அன்று அவள் ஒன்றும் பேசாமல் மாலைவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் வந்திருக்க வேண்டிய மாதத்தில், இந்தக் குடும்பத்தார் அந்த நிறுவனத்துக்காகப் பணம் சேர்க்கத் தொடங்கினார்கள். 11 வயது மகள் மண் உண்டியல் ஒன்றை வாங்கி, தம்பியின் பெயரை எழுதி வைத்தாள். சகோதரி முறுக்கும் அதிரசமும் சுட்டு, ஆராதனை முடிந்தபின் வாசலுக்கு வெளியே விற்றாள். (ஆலயத்தில் விற்றவர்களைக் கர்த்தர் துரத்தினாரே என்று மூப்பர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கையிலும் ஒரு முறுக்குப் பொட்டலம் இருந்தது.) இட்லி வாங்குகிற மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் இஸ்லாமியச் சகோதரரும் கொடுத்தார்கள். வரவு ஒவ்வொன்றும் நாற்பது பக்க நோட்டில் எழுதப்பட்டது. மொத்தம் 21,350 ரூபாய். ரசீதைச் சபையில் எல்லாரும் காணும்படி ஒட்டினார்கள். பவுல் அப்போஸ்தலனும் எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகையில், தேவனுக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் கணக்கு நேராயிருக்கக் கவலைப்பட்டதை 2 கொரிந்தியர் 8-ல் வாசியுங்கள்.

முறுமுறுப்பும் இல்லாமலில்லை. விசுவாசிகள் நடத்தாத நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்றார் ஒருவர். லூக்கா 10-ல் சமாரியன் பணம் கொடுத்த சத்திரக்காரனின் மதம் என்னவென்று வேதம் சொல்லவில்லை. காயங்கட்டிய கையே தங்குமிடத்துக்கும் செலவழித்தது. மேற்கொண்டு ஆவதையும் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தது. இவர்களிடம் மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் பிள்ளை போயிற்று என்றும் ஒரு பேச்சு வந்தது. அப்படிப் பேசினவரை அழைத்து, யோவான் 9-ம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை உரத்து வாசிக்கச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

சாட்சியின்போது சகோதரி சொன்னது இவ்வளவே: "நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த 23 நாளும் என் பிள்ளைக்கு என் பால் கிடைத்தது."

உங்கள் சபையில் எவருடைய பச்சிளங்குழந்தையாவது மருத்துவமனையில் இருக்குமானால், அங்கே பெற்றோருக்கு இத்தகைய உதவி உண்டா என்று சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள். போகும்போது சோற்றுப் பாத்திரம் கொண்டுபோங்கள். ஜெபத்தைச் சுருக்கமாக முடியுங்கள். எங்கள் ஸ்திரீகள் ஐக்கியத்தார் செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கூடத்துக்குச் சமைத்து அனுப்புகிறார்கள். போர்வைகள் இன்னும் போதவில்லை.